பூட்டிய வீட்டின் பதில்

மைக்கை முடுக்கியதும், குரல் வருவதற்கு முன்னால், குழாய் ஒலிபெருக்கியிலிருந்து ஒரு 'ங்ஙொய்ய்' வரும். யாரோ பேச வந்து, யோசித்து, தொண்டையிலேயே நிறுத்திக்கொண்ட மாதிரி. போன வாரம் அரியலூர் கடைவீதியில் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். துணிக்கடை விளம்பர ஆட்டோ ஒன்று சிமெண்டு லாரிகளுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருந்தது. உச்சி வெயில். என் முதுகில் மட்டும் யாரோ ஈரக் கையை வைத்து எடுத்தார்கள். பக்கத்தில் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தவர், "என்னா சார், இந்த வெயில்ல நடுங்குறீங்க?" என்றார்.

அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். பெரம்பலூர், அரியலூர் என்ற இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து, பேய்க்குப் பாடம் நடத்தி அதனிடம் சரியான பதிலும் வாங்கிய ஆசிரியை ஒரே ஒருவர்தான். அவர் மைக் அக்கா.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று கல்லூரி வருகைப் பதிவில் இருந்தது. கூப்பிட்டால் அவரே திரும்ப மாட்டார். பி.எட். படிக்க வருவதற்கு முன்னால், சொந்த ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய்களைக் கட்டி, ஒரு கையில் ஹேண்டில்பாரும் மறு கையில் மைக்குமாக, ஜெயங்கொண்டத்திலிருந்து வேப்பந்தட்டை வரைக்கும் ஆடித் தள்ளுபடியை அறிவித்துத் திரிந்தவர். பிறகு கடைக்காரர்கள் பென் டிரைவில் பதிவு செய்த குரலை வாங்கிக்கொண்டார்கள். அக்கா, எப்போதோ வாங்கி டிரங்குப் பெட்டியில் போட்டிருந்த பி.எஸ்சி. பட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்.

"மெஷினு பேச ஆரம்பிச்சிடுச்சி தம்பி" என்றார் என்னிடம். "தெருவுல எவனும் என்ன திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். பள்ளிக்கூடத்துல கதவச் சாத்திட்டா ஓட முடியாதுல்ல? கேட்டுத்தான ஆவணும்!"

நானும் நாற்பதைத் தொட்ட பிறகு பி.எட். சேர்ந்தவன். நான் தமிழ், அவர் அறிவியல். வகுப்பில் எங்கள் இரண்டு பேரைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் பிள்ளைகள். அதனால் அக்கா என்னைத் தம்பி என்று தத்தெடுத்துக்கொண்டார்.

ஆனால் அவர் அந்த வகுப்பில் இரண்டாவது முறையாக உட்கார்ந்திருந்தார். முந்தைய ஆண்டு கற்பித்தல் பயிற்சியில் தோற்றவர். தோற்ற கதை கல்லூரியில் ஒரு புராணம். மேற்பார்வையிட வந்த பேராசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார, அக்கா தொடங்கியிருக்கிறார்: "அன்பார்ந்த மாணவச் செல்வங்களே! ஒளிச்சேர்க்கை! ஒளிச்சேர்க்கை! ஒளிச்சேர்க்கை! உங்கள் வீட்டு முருங்கை மரத்தில், உங்கள் அபிமான வேப்ப மரத்தில், இலைகள் தோறும் நடைபெறுகிறது ஒளிச்சேர்க்கை! சூரியன் மறையும் வரை மட்டுமே! முந்துங்கள்!"

மணி அடிக்கும்வரை மூச்சு விடவில்லை. ஒரு பிள்ளை கையைத் தூக்கியது. சந்தேகம் கேட்கவாம். அதை டாட்டா காட்டுவதாக நினைத்து அக்காவும் டாட்டா காட்டியிருக்கிறார். பேராசிரியர் எழுந்து, "வகுப்பு பிரமாதம்மா. மாணவர்கள் இருந்தாங்களா?" என்று மட்டும் கேட்டாராம். மதிப்பீட்டுத் தாளில் 'மாணவர் பங்கேற்பு இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அடுத்த முறையும் அப்படியே எழுதினால் அக்கா மறுபடி ஆட்டோவுக்குத்தான் போக வேண்டும். மூன்றாவது வாய்ப்பு கிடையாது. ஆட்டோவுக்கும் வேலை கிடையாது.

இந்த நிலையில்தான் ஊரடங்கு வந்தது. பள்ளிகள் பூட்டப்பட்டன.

பாடத்திட்டம் எழுதிய அனுபவம் இல்லாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதில் இரண்டு பத்திகள் உண்டு. இடது பக்கம் ஆசிரியர் என்ன சொல்வார், என்ன செய்வார். வலது பக்கம் மாணவர் என்ன சொல்வார், என்ன செய்வார். இன்னும் கண்ணால் பார்க்காத பிள்ளை நாளை காலை என்ன பதில் சொல்லும் என்பதை நாம் இன்றே எழுதி வைக்க வேண்டும். பள்ளிகள் பூட்டப்பட்டதும் அந்த வலது பத்தி ஒரு பாழுங்கிணறு போல ஆகிவிட்டது. எங்கள் வகுப்புப் பிள்ளைகள் செல்போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துப் பாடம் நடத்தினார்கள். ஒருத்தி நடத்திய பின்னக் கணக்கில் குக்கர் மூன்று விசில் அடித்தது. ஒருவன் மாட்டுக்கொட்டகையில் நின்று அக்பரைப் பற்றிச் சொல்ல, பின்னால் நின்ற எருமை தலையை ஆட்டி ஆமோதித்தது. அதையும் 'மாணவர் செயல்பாடு' என்று எழுதிவிட்டான்.

எனக்கும் அக்காவுக்கும் விதிக்கப்பட்ட ஊரில் அதற்கும் வழி இல்லை. வேப்பந்தட்டையைத் தாண்டி, பச்சைமலை நிழல் சாயங்காலம் சீக்கிரமே வந்து விழும் ஒற்றைத் தெரு ஊர். செல்போனில் ஒரு கோடு சிக்னல் வேண்டுமென்றால், வெங்காயத்தைக் குவித்து வைக்கும் பட்டறை மேல் ஏற வேண்டும். தெருவின் ஒரு முனையில் நடுநிலைப் பள்ளி, மறு முனையில் மக்காச்சோளக் காடு.

தலைமையாசிரியை சாவியைத் தந்து அனுப்பியிருந்தார். எட்டாம் வகுப்புக் கதவைத் திறந்தோம். மார்ச் மாதத் தேதி கரும்பலகையில் அப்படியே இருந்தது. அதன் கீழே பாதி எழுதிய ஒரு வாக்கியம். பெஞ்சுகளின் மேல் புழுதி படிந்திருந்தது. ஒரே ஒரு பெஞ்சில் மட்டும், யாரோ முழங்கையை ஊன்றி இப்போதுதான் எடுத்த மாதிரி இரண்டு வட்டங்கள் சுத்தமாக இருந்தன. பூனையாக இருக்கும் என்றேன். அக்கா அந்த பெஞ்சைப் பார்த்து, "ஒக்காரு ஒக்காரு, எழுந்திரிக்க வேணாம்" என்றார்.

நான் வெளியே வந்துவிட்டேன்.

தெருவில் ஆள் இல்லை. எல்லாக் கதவும் ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. கதவு இடுக்குகளில் கண்கள் மட்டும் இருந்தன. வாங்க ஆளில்லாத சின்ன வெங்காயம் பட்டறைகளில் அழுகி, ஊரே ஈரச் சாக்கு மாதிரி நாறியது.

"புள்ளைங்கள வெளிய விட மாட்டாங்க" என்றேன்.

"வெளிய வர வேணாம் தம்பி. காது வெளியதான இருக்கு?"

"உங்க சத்தம் அவங்களுக்குக் கேக்கும். அவங்க சத்தம் நமக்கு? பங்கேற்பு இல்லேன்னா இந்தத் தடவையும்..."

அக்கா யோசித்தார். ஒரு வீட்டுக்குள் யாரோ பிள்ளைக்குச் சோறு போட்டுத் தட்டைத் தரையில் வைத்தார்கள். 'ணங்' என்றது. அந்த அமைதியில் அது கோயில் மணி போலக் கேட்டது. அக்காவின் முகம் மாறிய வேகத்தைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது.

அடுத்த நாள் அந்த மலையடிவாரத்தில் உலகத்தில் எங்கும் நடந்திருக்காத ஒரு வகுப்பு தொடங்கியது. ஆட்டோவைப் பள்ளி வாசலில், குழாய்கள் தெருவைப் பார்க்க நிறுத்தினார். ஆமாம் என்றால் தட்டில் கரண்டியால் ஒரு தட்டு. இல்லை என்றால் இரண்டு. அறிவியல் பாடத்திட்டம் முழுவதையும் உட்கார்ந்து ஆமாம்-இல்லைக் கேள்விகளாக மாற்றி எழுதியிருந்தார். என் தமிழ்ப் பாடத்தையும் அப்படியே மாற்றச் சொன்னார். நான் தட்டின் உதவியோடு செய்யுள் நடத்திய கதையை இங்கே தவிர்க்கிறேன்.

"அன்பார்ந்த மாணவச் செல்வங்களே! தண்ணி கொதிச்சா ஆவியாகுமா?"

குரல் தெருவைக் கடந்து போய் மலையில் முட்டியது. மலை அதே கேள்வியைக் கொஞ்சம் சோகமாகத் திருப்பிக் கேட்டது. பிறகு, சாத்திய கதவுகளுக்குப் பின்னாலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக, ணங். ணங். ணங். ஒரு முகம் இல்லை, ஒரு நிழல் இல்லை. வீடுகளே பதில் சொல்வது போல இருந்தது. எனக்கு மயிரெல்லாம் குத்திட்டு நின்றுவிட்டது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் பேச, யாரோ பதில் சொல்கிறார்கள்.

ஒரே வாரத்தில் அக்காவின் காது கூர்மையாகிவிட்டது. எந்தத் தட்டு எந்த வீடு என்று சத்தத்தை வைத்தே சொல்லுவார். பித்தளை, எவர்சில்வர், ஈயம் பூசிய பழைய வட்டில். காப்பியடிப்பதையும் கண்டுபிடித்தார். "பச்சை கேட்டு வூட்டுக்காரரே! பக்கத்து வூட்டுத் தட்டக் கேட்டுட்டு அடிக்கிறீங்க! ஒங்க தட்டு லேட்டா வருது! சொந்தமா யோசிங்க!" ஊரே சிரித்தது. சிரிப்பும் கதவுகளுக்குப் பின்னால்தான்.

ஒரு நாள் உற்சாகத்தில் நிலை மறந்து, "ஏழெட்டு எத்தன? தட்டிக் காட்டுங்க பாப்போம்!" என்றுவிட்டார். ஒவ்வொரு வீட்டிலும் ஐம்பத்தாறு. பாத்திரக்கடை மலையிலிருந்து உருண்டு வந்த மாதிரி இருந்தது. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய மாடுகளைப் பிடிக்கத்தான் அந்த ஊர் ஆம்பளைகள் ஊரடங்குக்குப் பிறகு முதல்முறையாகத் தெருவில் இறங்கினார்கள். தெருக்கோடியில் குடியிருந்த பால்கார சின்னசாமி கையில் காலிச் செம்போடு வந்து நின்றார். "டீச்சரே, ஒங்க கணக்கு சரிதான். எம்மாடு ஒதச்ச ஒதயில பாலெல்லாம் மண்ணுல. நாளைக்கு ரெண்டு ரெண்டு நாலுன்னு எதாச்சும் சின்னதா கேளுங்க."

அதே சின்னசாமிதான் சில நாள் கழித்து, முகம் வெளிறிப்போய், பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"டீச்சர். எங்க வூட்டுக்கு அடுத்த வூட்டுல தட்டு சத்தம் கேக்குது."

"கேக்கட்டும். நல்ல தட்டு அது. கணீர்னு இருக்கு. எல்லாக் கேள்விக்கும் மொதல்ல வருது, எல்லாம் சரியா வருது."

"அந்த வூட்டுல ஆளே இல்லீங்க."

"என்னாது?"

"செங்கச் சூளைக்குப் போன குடும்பங்க. அடைப்புல அங்கயே மாட்டிக்கிச்சிங்க. வாசல்ல பூட்டு தொங்குது, வந்து பாருங்க."

போய்ப் பார்த்தோம். ஓட்டு வீடு. கதவில் துருப்பிடித்த பூட்டு. பூட்டுக்கும் நாதாங்கிக்கும் நடுவே சிலந்தி ஒரு முழு வலை பின்னியிருந்தது. வாசலில் தெருநாய் ஒன்று படுத்து, கதவையே பார்த்து வாலை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தது. சின்னசாமி எங்களைத் தாண்டி வர மறுத்துவிட்டார். அக்கா திரும்பிப் பள்ளிக்கு வந்து மைக்கை எடுத்தார்.

"காந்தம் இரும்ப இழுக்குமா?"

வழக்கமான ணங்ணங்கென்ற மழைக்கு முன்னால், முதல் துளியாக, தெருக்கோடியிலிருந்து அந்தக் கணீர். நான் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, வூட்டுக்குப் போயிடலாம்."

"இரு தம்பி. காந்தம் மரத்த இழுக்குமா?"

கணீர், கணீர்.

"கரெக்டு!" என்றார் அக்கா. "பேயோ பிசாசோ, பாடத்தக் கவனிக்கிது பாரு. இந்த மாதிரி ஒரு ஸ்டூடண்ட் கெடைக்காது." பாடத்திட்டத்தின் வலது பத்தியில் அந்தப் பதிலையும் எழுதிக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சூளையில் எல்லோரும் செத்துவிட்டார்கள், ஆவி வீட்டைத் தேடி வந்துவிட்டது என்றார்கள். மோட்டார் கொட்டகைப் பக்கம் விடிகாலையில் வெள்ளையாக ஒன்று தண்ணீர் மோந்ததைப் பார்த்ததாகச் சொன்னார்கள். ஊராட்சித் தலைவர் முகக்கவசத்துக்கு மேல் துண்டையும் கட்டிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, ஊருல ஏற்கனவே நோயி. நீங்க பேய வேற கூப்புட்டு பாடம் நடத்துறீங்களா? மைக்க எறக்குங்க மொதல்ல."

"பேய்க்கு மூச்சு இல்ல தலைவரே. அதுகிட்டேருந்து நோயி ஒட்டாது."

"இந்த எகத்தாளமெல்லாம் வேணாம்."

அக்காவின் குரல் இறங்கியது. "நாளைக்கு எங்க பேராசிரியர் வராருங்க. புள்ளைங்க பதில் சொல்றத அவரு காதால கேக்கணும். இல்லேன்னா நா இந்தத் தடவையும் ஃபெயிலு. அப்புறம் எனக்கு வழியே இல்லீங்க. ஒரு நாளு. ஒரே ஒரு நாளு விடுங்க."

தலைவர் கொஞ்சம் இளகினார். "சரி, நாளைக்கு நீ பேசிக்க. ஆனா எங்க புள்ளைங்க தட்டாதுங்க. எந்த வூட்டுலயும் தட்ட எடுக்கக் கூடாதுன்னு சொல்லியாச்சி."

அவர் போன பிறகு அக்கா ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். அரியலூர் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் வந்த பயணம் எனக்குப் பேயைவிடப் பயமாக இருந்தது.

மறுநாள் பேராசிரியர் முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தகடும் கைகளில் உறையுமாக, விண்வெளிக்குப் போகிறவர் போல வந்து இறங்கினார். பள்ளித் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மதிப்பீட்டுத் தாளை மடியில் விரித்தார். "தொடங்குங்கம்மா."

பாடம்: உயிருள்ளவையும் உயிரற்றவையும்.

"அன்பார்ந்த மாணவச் செல்வங்களே! உயிருள்ளதெல்லாம் வளரும். செடி வளருமா?"

மலை மட்டும் கேட்டது: செடி வளருமா?

தெரு அசையவில்லை. கதவு இடுக்குகளில் கண்கள் இருந்தன. கரண்டிகளை அம்மாக்கள் பிடுங்கி வைத்திருந்தார்கள்.

"உயிருள்ளது மூச்சு விடும். ஆடு மூச்சு விடுமா?"

ஆடு மூச்சு விடுமா, என்றது மலை.

பேராசிரியர் பேனாவின் மூடியைத் திறந்தார். "பசங்க எங்கம்மா?"

"இருக்காங்க சார். பதில் வரும் சார்." அக்காவின் ரவிக்கை முதுகு நனைந்துவிட்டது. பேனா போன வருடத்து வாசகத்தை நோக்கித் தாளில் இறங்கிக்கொண்டிருந்தது. "பாறாங்கல்லு... பாறாங்கல்லு மூச்சு விடுமா?"

மலை கேட்டு முடித்தது. பிறகு தெருக்கோடியிலிருந்து, மிக மெதுவாக: கணீர். கணீர்.

பேராசிரியர் நிமிர்ந்தார். "அட! இதானா நீங்க பிளான்ல எழுதியிருந்த தட்டு? நல்லா இருக்கே. கேளுங்க, கேளுங்க."

தெருவில் கதவுகள் படபடவென்று தாழிட்டுக்கொண்டன. அக்கா கேட்டார். அந்த வீடு சொன்னது. அக்கா கேட்டார். அந்த வீடு சொன்னது. மற்ற எல்லா வீடும் மூச்சடக்கிக் கிடக்க, பூட்டிய வீட்டுக்கும் அக்காவுக்கும் நடுவே மட்டும் ஒரு வகுப்பு நடந்தது. பேராசிரியரின் பேனா மகிழ்ச்சியாக ஓடியது. இன்னும் நாலைந்து கேள்வி. அவ்வளவுதான். அக்கா ஜெயித்துவிடுவார். பேய் உதவியோடு ஆசிரியை ஆகிவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அக்கா திடீரென்று தலையைச் சாய்த்துக் காதைத் தெருப் பக்கம் திருப்பினார். என் காதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. அக்கா முணுமுணுத்தார்: "தட்டு அதேதான். கைதான் எறங்குது."

பாடத்திட்டத்தில் இருந்த அடுத்த கேள்வியைக் கேட்டார். "உயிருள்ளது சாப்புடுமா?"

பதில் வர வெகுநேரம் ஆயிற்று. கணீர் இல்லை. ஒரு 'டிங்'. அவ்வளவுதான்.

அக்கா தாளைக் கவிழ்த்து வைத்தார். அறிவிப்புக் குரல் இல்லை அது. அவருக்கு அப்படி ஒரு குரல் உண்டென்று எனக்குத் தெரியாது.

"நீ சாப்புட்டியா?"

மலையும் அதைத்தான் கேட்டது. சாப்புட்டியா?

டிங்... டிங்.

"இது பிளான்ல இல்லையேம்மா" என்றார் பேராசிரியர்.

அக்கா மைக்கை ஆட்டோ சீட்டில் போட்டுவிட்டு இறங்கித் தெருவில் நடந்தார். "வகுப்பு முடியலைம்மா! பாதியில போனா மார்க் போட முடியாது!" என்று பேராசிரியர் கத்தியதும் ஒலிபெருக்கியில் ஏறி ஊர் முழுக்கக் கேட்டது. அக்கா திரும்பவில்லை. நான் பின்னால் ஓடினேன். கண்ணாடித் தகடு குலுங்கப் பேராசிரியரும் ஓடி வந்தார்.

சின்னசாமியின் கதவு திறந்தது. அவர் மனைவியிடம் சண்டை போட்டுக்கொண்டே வெளியே வந்தார்.

"ஏன்டி, பேயி எங்கயாச்சும் சாப்புடுமா?"

"அது எப்புடிங்க சாப்புடும்?"

"அப்ப அது பசிக்கிதுங்குதே! சாப்புடுறதெல்லாம் உயிருள்ளதுன்னு இப்பத்தான டீச்சரு சொன்னாங்க? உயிருதான்டி அது உள்ள! கஞ்சிய எடு!"

பின்பக்கம் மக்காச்சோளக் காட்டு வழியாகப் போனோம். நாய் எங்களுக்கு முன்னால் ஓடிப் பின்கதவைப் பிராண்டியது. அக்கா விரலால் தட்டினார். "நாந்தான். மைக் டீச்சரு."

தாழ்ப்பாள் விலகுவதற்குள் எனக்கு ஒரு வயது கூடியது.

ஒரு பெண். பதினைந்து வயதிருக்கும். நூல் மில் கொடுத்த வெளிறிய கோட்டு, குச்சி மாதிரி கைகள், ஒரு கையில் கரண்டி. அந்த வீட்டு மகள்தான், பெயர் கௌசல்யா. எட்டாவது முடித்ததும் மில்லுக்கு அனுப்பப்பட்டவள். ஆலையை மூடி விடுதியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். வெங்காய லாரியில் ஏறி ஊருக்கு வந்தால் வீடு பூட்டியிருந்தது. வெளியூரிலிருந்து வந்தது தெரிந்தால் நோய்க்குப் பயந்து வீட்டு வாசலைத் தகரம் அடித்து மூடிவிடுவார்கள், மில் ஆள் வந்து மறுபடி அழைத்துப் போய்விடுவான் என்ற இரண்டு பயத்தில், பின்பக்கமாக உள்ளே புகுந்து ஒளிந்துகொண்டாள். பானையில் இருந்த சோளம் தீர்ந்துபோயிருந்தது.

சின்னசாமி மனைவி தூர நின்று கஞ்சிச் செம்பை வைத்துவிட்டு அழுதார். "ஏன்டி, பக்கத்துல நாங்க இருக்கம்ல? ஒரு கொரலு குடுக்கக் கூடாதா?"

"பயமா இருந்துச்சி சின்னம்மா."

"ஒளிஞ்சிருக்குறவ தட்ட மட்டும் ஏன் அடிச்ச?" என்றார் அக்கா.

கஞ்சியைக் குடித்துக்கொண்டே அவள் சொன்ன பதிலை, நான் இதுவரை படித்த எந்தக் கல்வியியல் புத்தகத்திலும் பார்த்ததில்லை. "அடிக்கக் கூடாதுன்னுதான்க்கா இருந்தேன். நீங்க தெரிஞ்ச கேள்வியாவே கேட்டுட்டீங்க. தெரிஞ்ச பதில வச்சிக்கிட்டு எப்புடி சும்மா இருக்கறது?"

சத்தம் கேட்டு வந்து நின்ற தலைவர் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். தகரம் அடிக்கவில்லை. பரிசோதனை முடிவு வரும்வரை, இரண்டு வேளை சோறு சின்னசாமி வீட்டிலிருந்து வாசலுக்கு வரும் என்று முடிவாயிற்று. நாய் மட்டும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

பேராசிரியர் ஒரு வரப்பின் மேல் உட்கார்ந்து தாளை மறுபடி மடியில் விரித்தார்.

"பாடத்தப் பாதியில விட்டீங்க. முடிவுரை இல்ல. மதிப்பீடு செய்யல. வகுப்பறைய விட்டு வெளிய வந்துட்டீங்க. இதுக்கெல்லாம் மார்க் போட முடியாது."

"தெரியும் சார்" என்றார் அக்கா.

"ஆனா, அந்தப் பால்காரரு கஞ்சிய எடுன்னு சொன்னாரு பாருங்க." அவர் கண்ணாடித் தகட்டைத் தூக்கி விட்டுக்கொண்டார். "கத்துக்கிட்டத வாழ்க்கையில பொருத்திப் பாக்குறது. முப்பது வருசமா அந்தக் கட்டத்துல என்ன எழுதுறதுன்னு தெரியாம எதையோ எழுதிக்கிட்டிருக்கேன்." அங்கே ஏதோ எழுதினார். பிறகு 'மாணவர் பங்கேற்பு' என்ற இடத்தில் பேனா ஒரு நொடி நின்றது. "ஊரே பங்கேற்றது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எல்லாம் கூட்டினால் தேறுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் வந்தது. ஒரு பொட்டு மிச்சமில்லை.

அதன் பிறகும் எங்கள் பயிற்சி முடியும்வரை வகுப்பு நடந்தது. எல்லாத் தட்டும் திரும்பி வந்தது. ஆனாலும் சாயங்காலம் மலை நிழல் தெருவில் இறங்கும்போது, சாத்திய வீடுகள் பதில் சொல்வதைக் கேட்கையில், எனக்கு உடம்பு சிலிர்ப்பது நிற்கவில்லை. இல்லாதவர்கள் என்று நாம் முடிவு கட்டிவிட்டவர்களில் எத்தனை பேர் உள்ளே கரண்டியோடு உட்கார்ந்திருக்கிறார்களோ என்ற நினைப்பு. அது இன்றும் என்னை விடவில்லை. பூட்டிய எந்த வீட்டைக் கடந்தாலும் என் நடை தானாகத் தளர்கிறது.

நாங்கள் கிளம்பிய அன்றுதான் சூளைக்குப் போன குடும்பம் வந்து சேர்ந்தது. மூட்டையைத் தலையிலிருந்து இறக்கக்கூட இல்லாமல் கௌசல்யாவின் அம்மா ஆட்டோவுக்கு முன்னால் வந்து நின்றார். செம்மண் படிந்த முகம். பக்கத்தில் கௌசல்யா, அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி.

"டீச்சர், மில்லுக்காரரு போன் பண்றாரு. திருப்பி அனுப்பச் சொல்றாரு" என்றார் அம்மா.

அக்கா எப்படியும் ஒரு மணி நேரம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். வழியனுப்ப வந்த தலைவரும் பயந்துபோய் நிழலுக்கு ஒதுங்கினார். ஆனால் அக்கா கௌசல்யாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, இந்த மனுஷி இல்லாத வகுப்பறையில் இனி எப்படி நிற்கப் போகிறேன் என்ற நினைப்பு வந்தது.

அந்த அம்மா மகளை ஒரு பார்வை பார்த்தார். மூட்டையை இறக்கித் தரையில் வைத்தார். "நா முடியாதுன்னுட்டேன். வேப்பந்தட்டையில ஒம்பதாவது சேக்கறதா இருக்கேன். ஏன் டீச்சர், படிச்சா எம்பொண்ணு ஒங்கள மாதிரி வருவாளா?"

அக்கா ஆட்டோவைக் கிளப்பினார். கொஞ்ச தூரம் போன பிறகுதான் கை மைக்கைத் தேடியது. முதலில் அந்த 'ங்ஙொய்ய்'. பிறகு தெரு முழுக்க, சோளக் காடு முழுக்க, மலை வரைக்கும்:

"என்ன மாதிரியா? ஐயோ, வேணாம் தாயி! ஊரு தாங்காது!"